சிம்னி வாங்கலாமா, எக்ஸாஸ்ட் ஃபேன் போதுமா: சமையலறைப் புகை பற்றிக் கேள்வி பதில்

வீட்டுச் சமையலறைகளில் சிம்னி, எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (சேலம்): எங்கள் சமையலறை 10க்கு 8 அடி. கடைக்காரர் 1,200 சக்ஷன் போதும் என்கிறார். தம்பி 1,500க்குக் குறைந்து வாங்காதே என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: அந்த எண், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றை மோட்டார் இழுக்கும் என்பதைச் சொல்கிறது. உங்கள் அறை 10 அடி உயரம் என்று வைத்தால் 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். சமையலறைக் காற்று மணிக்கு 10 முதல் 15 தடவை மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 12 தடவை என்றாலும் 280ஐத் தாண்டவில்லை. அப்புறம் எதற்கு 1,200?

இரண்டு காரணம். பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் எந்தத் தடையும் இல்லாதபோது கிடைக்கும் அளவு. ஃபில்டர், குழாய், வளைவு எல்லாம் சேர்ந்து அதில் நல்ல பங்கைத் தின்றுவிடும். இன்னொன்று, சிம்னி அடுப்புக்கு இரண்டடிக்கும் மேலே நிற்கிறது. தாளிக்கும் புகை பக்கவாட்டில் பரவுவதற்குள் பிடிக்க வேண்டுமென்றால் இழுவை கூடுதலாகத்தான் வேண்டும். உங்கள் அளவுக்கு 1,000 – 1,200 தாராளம். 1,500 வாங்கி அதை 4 இன்ச் குழாயில் விட்டால் காசு வீண். 6 இன்ச் குழாயோடு ஒப்பிட்டால் 4 இன்ச் குழாயின் வாய் பாதிகூடக் கிடையாது. கடையில் சக்ஷனைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், குழாயைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அகலம்: இரண்டு பர்னருக்கு 60 செ.மீ., மூன்று நான்கு பர்னர் அடுப்பென்றால் 90 செ.மீ. அடுப்பைவிடச் சிம்னி குறுகலாக இருக்கக் கூடாது.

கேள்வி (சென்னை, அடுக்குமாடி): அடுப்பு இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சுவர் 14 அடி தள்ளி இருக்கிறது. லாஃப்ட்டுக்கு மேலே மூன்று வளைவோடு குழாய் கொண்டுபோகலாம் என்கிறார் டிசைனர். சரியாக வருமா?

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் இழுவை குறையும், சத்தமும் கூடும். மாடுலர் வேலை இன்னும் தொடங்கவில்லை என்றால் அடுப்பை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்த முடியுமா என்று முதலில் கேளுங்கள். படத்தில் அழகு கெடும் என்பார். கெடட்டும்.

முடியாது என்றால் இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை 6 இன்ச். நடுவில் ரெடியூசர் போட்டு 4 இன்ச்சுக்குக் குறைக்கவே கூடாது. வளைவுகள் செங்குத்தாக மடங்காமல் அகலமாகத் திரும்ப வேண்டும். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயைவிட உட்புறம் வழவழப்பான குழாய் நல்லது. அலுமினியம்தான் போடுவேன் என்றால் முழுக்க இழுத்து நீட்டிப் போடச் சொல்லுங்கள். மிச்சத்தைச் சுருட்டி லாஃப்ட்டுக்குள் திணித்துவிட்டுப் போவார்கள், அந்த மடிப்புகளில்தான் எண்ணெய் தேங்கும். வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிவும் வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழைத் தண்ணீர் குழாய் வழியே சிம்னிக்குள் வந்துவிடும்.

வெளி முனையில் மழை மூடியும், காற்று திரும்பி வராமல் தடுக்கும் தட்டும் இருக்கட்டும். புறாவுக்குப் பயந்து கொசுவலை போன்ற பொடிக்கண் வலையை அடிக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிச் சில மாதங்களில் சுவர் மாதிரி ஆகிவிடும். அரை இன்ச் கண் போதும்.

கேள்வி (திருப்பூர்): வாடகை வீடு. சுவரில் ஓட்டை போடக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். குழாய் இல்லாத, கார்பன் ஃபில்டர் சிம்னி வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். கார்பன், வாடையைக் கொஞ்சம் பிடிக்கும். சூட்டையும் ஈரத்தையும் அப்படியே அறைக்குள் திருப்பி விடும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கும் மேல் தண்ணீர் காற்றில் கலந்திருக்கும். சோறு வடிக்கும் ஆவி இதில் சேராது. மேல் அலமாரிப் பலகை ஊதிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். கார்பனைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் செலவு வேறு.

ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பலகையோ தகடோ பொருத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். காலி செய்யும்போது கண்ணாடியைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

கேள்வி (மதுரை): அண்ணா, புதிதாக 9 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம். நன்றாகத்தான் சுற்றுகிறது. ஆனாலும் மீன் வறுத்தால் வாடை ஹாலுக்கு வருகிறது. 12 இன்ச் மாற்றவா?

பதில்: கூடவே அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஃபேனுக்கு ஓரடி கீழேயே ஜன்னல் திறந்திருக்கிறது. ஃபேன் அந்த ஜன்னல் காற்றை இழுத்து அப்படியே வெளியே தள்ளுகிறது. அடுப்புப் பக்கம் இருக்கும் புகையை அது தொடவே இல்லை.

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு மேடைக்கு மேலே பிடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது புகை இஷ்டத்துக்கு அலையும், சில சமயம் ஹால் பக்கமே சாயும். இப்போது அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். புகை கயிறு பிடித்து இழுத்ததுபோல் ஃபேனை நோக்கிப் போக வேண்டும். போனால் 12 இன்ச் தேவையில்லை. காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் ஃபேன் வெளியே தள்ள முடியும். அந்த வழி ஃபேனுக்கு எதிர்ப்பக்கம், அடுப்பைக் கடந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஏசி ஓடும் வீட்டில் சிம்னி இழுக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுபவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (கோவை): மிளகாய் வறுத்தால் சிம்னி ஓடியும் வீடே இருமுகிறது.

பதில்: வறுக்கத் தொடங்கும் முன்பே ஐந்து நிமிடம் ஓட விடுங்கள், காற்று ஓட்டம் பிடித்துக்கொள்ளும். சுவர்ப் பக்கத்துப் பர்னரில் வறுங்கள். முன் பர்னர் புகை பாதி வெளியே தப்பிவிடும். ஹாலில் ஃபேன் வேகமாகச் சுற்றினால் அந்தக் காற்று புகையைக் கலைக்கும், அதை நிறுத்துங்கள். முடித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடட்டும்.

கேள்வி (திருச்சி): ஆட்டோ க்ளீன், ஃபில்டர் இல்லாத மாடல். சுத்தம் செய்யவே தேவையில்லை என்று விற்றார்கள். இப்போது எண்ணெய் சொட்டுகிறது.

பதில்: சுத்தம் செய்யவே தேவையில்லாத சிம்னி கிடையாது. ஆட்டோ க்ளீன் என்பது உள்ளே ஒரு ஹீட்டர் சூடாகி, பிசுக்கை இளக்கி, கீழே இருக்கும் கிண்ணத்தில் இறக்குவது. அந்தக் கிண்ணத்தை யாராவது கழற்றிக் கொட்ட வேண்டுமே. உங்கள் வீட்டில் அது நிரம்பி வழிகிறது என்று நினைக்கிறேன். கழற்றிப் பாருங்கள், தேன் நிறத்தில் பிசினாக இருக்கும். சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். பழைய பேப்பரில் வழித்துக் குப்பையில் போடுங்கள். தினமும் எண்ணெய்ச் சமையல் என்றால் வாரம் ஒரு தடவை ஆட்டோ க்ளீன் போடுங்கள், ஆறிய பிறகு கிண்ணத்தைப் பாருங்கள்.

பேஃபிள் ஃபில்டரோ (வளைந்த தகடுகளை வரிசையாக அடுக்கியது) வலை ஃபில்டரோ வைத்திருப்பவர்களுக்கு: ஸ்டீல் என்றால் கொதிக்கிற தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் இரண்டு கரண்டி ஆப்ப சோடாவும் போட்டு அரை மணி ஊற வையுங்கள். பழைய டூத் பிரஷ் போதும். அலுமினிய வலை ஃபில்டரென்றால் சோடா வேண்டாம், கறுத்துவிடும். வெறும் லிக்விடும் வெந்நீரும் போதும். காஸ்டிக் சோடாவை எதிலும் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் வேலை சுலபம். பிசுக்கு தடித்துப்போன ஃபில்டர் தீப்பிடிக்கும், எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும்பும் சுவாலைக்கு அது எரிபொருள்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மெயினை அணைத்துவிட்டு இறக்கையை மட்டும் கழற்றிக் கழுவுங்கள், மோட்டாரில் தண்ணீர் படக் கூடாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கத்தை விடுங்கள்.

கேள்வி (ஓசூர்): சமையலறைக்கு அடுத்த பாத்ரூமில் கேஸ் கீஸர் இருக்கிறது. சிம்னியால் ஏதாவது ஆபத்தா?

பதில்: இது நல்ல கேள்வி, பலர் கேட்பதில்லை. ஆபத்து உண்டு. வீடு சாத்தியிருக்கும்போது சிம்னி எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். பாத்ரூமிலிருந்து இழுத்தால் கீஸரின் எரிந்த புகை வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். அதில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கலாம். வாசனையே இருக்காது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். கீஸரை வெளியே, திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். அதுவரை அது ஓடும்போது சிம்னியைப் போடாதீர்கள், பாத்ரூம் வெண்டிலேட்டரை மூடாதீர்கள்.

இதோடு ஒன்று. கேஸ் கசியும் வாடை வந்தால் சிம்னியையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ போட்டு வெளியேற்றப் பார்க்காதீர்கள். ஸ்விட்சைத் தட்டும்போது வரும் பொறி போதும் பற்றிக்கொள்ள. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில்தான் தங்கும், மேலே இருக்கும் சிம்னி அதைப் பிடிக்கவும் பிடிக்காது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? வீட்டில் எல்லோரும் உயரம், தலை இடிக்கிறது.

பதில்: கேஸ் அடுப்பென்றால் பொதுவாக 65 முதல் 75 செ.மீ. உங்கள் மாடலின் கையேட்டில் போட்டிருக்கும் அளவே கடைசிச் சொல். நீங்கள் 75க்குப் போங்கள். அதற்கு மேலே ஏற்றினால் இழுவை வீணாகும். சாய்வாக நிற்கும் மாடலும் இருக்கிறது, தலைக்கு இடம் கிடைக்கும்.

கேள்வி (வேலூர்): மூன்று வருடமாக ஓடுகிறது, இப்போது மிக்ஸி மாதிரி சத்தம் போடுகிறது. மாற்றிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. குறையவில்லை என்றால் வெளிமுனையில் கூடு, வலை அடைப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பிளேடில் பிசுக்கு ஒரு பக்கமாக ஏறியிருக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். புது மோட்டார் வேண்டும் என்று அவர் சொன்னால், கழுவி ஓட்டிக் காட்டிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கச் சொல்லுங்கள்.