ஆற்றைக் கடத்தித் திருப்பி விட்டார்கள்: வழக்குப் போட முடியுமா?

கேள்வி: என் அக்காவின் மகன் துருக்கியிலிருந்து எவ்ரோஸ் ஆற்றைக் கடந்து கிரேக்கத்துக்குள் போனவன். முகத்தை மூடிய ஆட்கள் பிடித்து, ஃபோனையும் சப்பாத்தையும் பறித்து, இரவோடு இரவாக ரப்பர் படகில் ஏற்றித் துருக்கிக் கரையில் இறக்கிவிட்டார்கள். அசைலம் கேட்டும் காது கொடுக்கவில்லையாம். மூன்று கிழமை ஆகிறது. இப்போது இஸ்தான்புல்லில் நிற்கிறான். களவாகப் போனவனுக்கு உரிமை இல்லை என்கிறார் ஏஜென்சிக்காரர். உண்மையா?
– கிளிநொச்சி வாசகி

பதில்: ஏஜென்சிக்காரர் சொன்னது பிழை. உயிராபத்திலிருந்து நேரே தப்பி வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்க் காரணம் சொல்பவரைக் களவாக நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951 அகதிகள் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை. ஆபத்துள்ள இடத்துக்கு ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 33ஆம் உறுப்புரை. கிரேக்கம் இரண்டுக்கும் கட்டுப்பட்ட நாடு. விண்ணப்பத்தை விசாரித்து நிராகரிக்க அதற்கு உரிமை உண்டு. விசாரிக்காமலே படகில் ஏற்ற உரிமை இல்லை.

ஆனால் உங்கள் பெறாமகன் அந்தக் கரையில் நின்றதை எப்படிக் காட்டப் போகிறீர்கள்? இந்த வழக்குகள் வெல்வதும் தோற்பதும் அதில்தான்.

2025 ஜனவரி 7 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கிரேக்கத்துக்கு எதிரான இரண்டு வழக்குகளில் முடிவு சொன்னது. ஒன்று, 2019 மே மாதம் இதே எவ்ரோஸைக் கடந்து வந்து, அன்றே திருப்பி விடப்பட்ட ஒரு துருக்கியப் பெண்ணுடையது. பிடிபடுமுன் அவர் வீடியோ எடுத்திருந்தார், இருக்கும் இடத்தின் லொக்கேஷனைச் சகோதரனுக்கு அனுப்பியிருந்தார். எவ்ரோஸிலிருந்து ஆட்களைத் திருப்பித் தள்ளுவது அக்காலத்தில் திட்டமிட்ட வழக்கமாகவே நடந்தது என்று நீதிமன்றம் ஏற்று, 20,000 யூரோ இழப்பீடும் கொடுத்தது. மற்றது, சாமோஸ் தீவிலிருந்து கடலில் விடப்பட்டதாகச் சொன்ன ஓர் ஆப்கான் சிறுவனுடையது. அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதை அங்கேயும் ஏற்றார்கள். ஆனால் அது அவனுக்கு நடந்தது என்பதற்கு அத்தாட்சி போதாது, வழக்கை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள்.

ஃபோன் போனாலும் அதிலிருந்து அனுப்பியது போகாது. அவன் அனுப்பிய லொக்கேஷன், படம், வொய்ஸ் மெசேஜ் எல்லாம் உங்களிடமோ கூடப் போனவர்களிடமோ இருக்கும். ஒன்றையும் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் வசதி போட்டிருந்தால், அதை நிறுத்தினாலும் ஏற்கெனவே வந்தவை மறைந்துவிடும், அதனால் மறையுமுன் இப்போதே சேமித்து வையுங்கள். திகதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடிபட்டிருந்தால் காயம் ஆறுமுன் டாக்டரிடம் காட்டி அறிக்கை வாங்கட்டும். கரையில் துருக்கியின் ஜண்டர்மா என்ற காவல் படையினர் பெயர் பதிந்திருந்தால் அந்தத் துண்டு பெரிய சாட்சி. கூட வந்தவர்களின் நம்பர்களும் வேண்டும், அவர்கள் கெதியில் வேறு வேறு நாடுகளுக்குச் சிதறிவிடுவார்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதலில் நுழைந்த ஐரோப்பிய நாடே அசைலம் விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும் என்ற டப்ளின் விதியில் மாட்டுப்படுவாய், ஃபிங்கர் கொடுக்காதே என்று ஏஜென்சிக்காரர்கள் பொடியன்களுக்குப் பாடம் எடுப்பார்கள். கிரேக்கத்தில் பதிந்த கைரேகைதான் அவன் அங்கே வந்தான் என்பதற்கு அரசாங்கமே தரும் சாட்சி. அது இல்லாதவனை வரவேயில்லை என்று மறுப்பது மிகச் சுலபம்.

அந்தப் பெண்ணின் வழக்கைவிட உங்களுடையது கடினம் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் தன்னைத் தேடும் நாட்டுக்கே திருப்பி விடப்பட்டார். உங்கள் பெறாமகன் விடப்பட்டது மூன்றாவது நாட்டில். ஆகவே துருக்கி அவனை இலங்கைக்கு அனுப்பிவிடும் ஆபத்தையோ, ஆற்றங்கரையில் நடந்ததே கொடுமையான நடத்தை என்பதையோ நிறுவ வேண்டும். ஆட்களைக் கூட்டாக வெளியேற்றுவதைத் தடுக்கும், ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனத்தின் 4ஆம் நெறிமுறையில் கிரேக்கம் சேரவில்லை. எனவே வழக்கு அந்தச் சாசனத்தின் 3ஆம் உறுப்புரையிலும் (கொடுமையான நடத்தைக்குத் தடை) 13ஆம் உறுப்புரையிலும் (பயனுள்ள பரிகாரம் கேட்கும் உரிமை)தான் தங்கி நிற்கும்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் வழக்குப் போடக் காலக்கெடு நான்கு மாதம். 2022 பெப்ரவரிக்கு முன் ஆறு மாதமாக இருந்தது. பழைய கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். முதலில் கிரேக்கத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், பொதுவாக அதன் கடைசி முடிவிலிருந்துதான் இந்த நான்கு மாதம் ஓடும். ஆனால் அந்த முறைப்பாட்டால் பயனில்லை என்று நீதிமன்றம் கருதினால், சம்பவ நாளிலிருந்தே எண்ணும். அதனால் சம்பவ நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பாதுகாப்பு, அதில் மூன்று கிழமை போய்விட்டது. கிரேக்க அகதிகள் பேரவை போன்ற அமைப்புகளின் சட்டத்தரணிகள் இந்த வழக்குகளைத் தெரிந்தவர்கள்.

இதற்கிடையில் இஸ்தான்புல்லில் பிடிபடுவதுதான் எனக்குப் பெரிய பயம். அங்கே புகலிடப் பதிவை 2018 செப்டெம்பரிலிருந்து ஐ.நா. அகதிகள் முகவரகம் செய்வதில்லை, மாகாணக் குடிவரவு அலுவலகங்கள்தான் செய்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வராதவர்களுக்குத் துருக்கி முழு அகதித் தகுதி தராது, நிபந்தனையோடு ஒரு தகுதிதான் தரும். என்றாலும் விண்ணப்பித்தவன் என்ற பதிவு, பிடிபட்டால் கை கொடுக்கும். நாடு கடத்தும் உத்தரவு கையில் கிடைத்தால் ஏழே நாளுக்குள் நிர்வாக நீதிமன்றத்தில் எதிர்க்க வேண்டும். அந்த மாகாணத்துச் சட்டத்தரணிகள் சங்கத்தில் இலவச உதவி கேட்கலாம். துருக்கி மொழியில் நீட்டுகிற எந்தக் கடதாசியிலும் அவன் விளங்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது, தானாகவே ஊர் திரும்ப விருப்பம் என்று அதில் எழுதியிருக்கக் கூடும்.

இன்றிரவே அவனிடம் எடுத்துப் பேசுங்கள். எந்த ஊர்ப் பக்கம் ஏறினான், எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், ஏற்றிய வாகனத்தின் நிறம், எந்தப் பாஷையில் பேசினார்கள், படகில் எத்தனை பேர் என்று கேட்டு, அவன் சொல்லச் சொல்ல எழுதுங்கள். நினைவில்லாத இடத்தை வெற்றாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.