பேட்டரி ஃபுல்லு, ஃப்ரிட்ஜ் மட்டும் ஏன் நிக்குது?

கேள்வி: எங்க கேரவன்ல 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அருமையா ஓடும், விடியக்காலைல பாத்தா நின்னு கிடக்கு, உள்ள இருக்கறதெல்லாம் வேர்த்துப் போயிருக்கு. பின்னாடி சின்ன லைட்டு ஒரு தடவ மினுக்கி, கொஞ்சம் கேப் விட்டு மறுபடி ஒரு தடவ மினுக்குது. உடனே பேட்டரில மீட்டர் வெச்சா 12.4 காட்டுது. பேட்டரி வாங்கி ஆறு மாசம்தான் ஆச்சு. கம்ப்ரஸர் போயிருச்சு, ஃப்ரிட்ஜையே மாத்துங்கன்னு சொல்றாங்க. மாத்தணுமா?

பதில்: தயவுசெஞ்சு இப்போதைக்கு மாத்தாதீங்க. நீங்க சொல்ற அந்த ஒத்த மினுக்கல்தான் இங்க முக்கியமான தடயம். இந்த மாதிரி ஃப்ரிட்ஜ்கள்ல ரொம்ப பேர் போடறது டான்ஃபாஸ் பிடி35 வகை கம்ப்ரஸர், இப்ப சீகாப்ங்கற பேர்ல வருது. அதோட கன்ட்ரோலர்ல ஒரு தடவ மினுக்கினா "எனக்கு வோல்டேஜ் பத்தல, பேட்டரிய காப்பாத்த நான் நின்னுட்டேன்"னு அர்த்தம். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாத ப்ராப்ளம்னா மூணு தடவ மினுக்கும். உங்களுக்கு ஒண்ணுதான், அதனால கம்ப்ரஸர் மேல பழி போடறதுக்கு முன்னாடி கரன்ட் வர்ற வழிய பாக்கணும். உங்க மாடல் வேறயா இருந்தா மேனுவல்ல மினுக்கல் கணக்கு இருக்கும், ஒரு தடவ சரி பாத்துக்கோங்க.

பேட்டரில 12.4 இருக்கே, அப்பறம் எப்படி பத்தலன்னு கேப்பீங்க. நீங்க அளந்தது பேட்டரி முனையில, அதுவும் ஃப்ரிட்ஜ் நின்னப்பறம். ஃப்ரிட்ஜுக்கு தெரியறது அதோட சொந்த டெர்மினல்ல, அது ஓடும்போது வந்து சேர்ற வோல்டேஜ் மட்டும்தான். நடுவுல ஒயர், ஃப்யூஸ் ஹோல்டர், ஸ்விட்ச், ரெண்டு மூணு ஜாயின்ட், மைனஸ் ஒயர வண்டி பாடியில முடுக்கற எர்த் ஸ்க்ரூன்னு எத்தனையோ இருக்கு, கரன்ட் ஓடும்போது ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் வோல்டேஜ தின்னும், ஓடலன்னா ஒண்ணும் தின்னாது. அதனாலதான் நின்னப்பறம் எங்க அளந்தாலும் எல்லாம் சரியா இருக்கற மாதிரியே காட்டும், நம்மள சுத்தல்ல விடறதே இதுதான்.

ஒரு கணக்கு பாருங்க. 2.5 ஸ்கொயர் (அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவு) காப்பர் ஒயர் மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம். பேட்டரிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 6 மீட்டர்னா போக வர 12 மீட்டர், 5 ஆம்ப் ஓடினா 0.4 வோல்ட் ஒயர்லயே போச்சு. இதோட துரு ஏறின ஒரு ஃப்யூஸ் ஹோல்டர் சேந்தா அது தனியா ஒரு வோல்ட்ட முழுங்கும். இன்னொண்ணு, வோல்டேஜ் குறைய குறைய இந்த கம்ப்ரஸர் அதே வேலைய செய்ய ஆம்ப்ஸ கூட இழுக்கும், இழுத்தா ஒயர்ல இன்னும் இறங்கும். பகல்ல சார்ஜிங் இருக்கும்போது பேட்டரி 13க்கு மேல நிக்கறதால இந்த நஷ்டம் வெளிய தெரியாது. விடியக்காலைல அந்த உபரி தீர்ந்திருக்கும், ஸ்டார்ட் ஆகற நேரத்துல சட்டுனு கட்-ஆஃப, அதாவது ஃப்ரிட்ஜ் தானா நின்னுக்கற வோல்டேஜ, தொட்டுரும். அந்த வகை கம்ப்ரஸர் சாதாரண செட்டிங்ல 10.4ல நிக்கும், 11.7 வந்தாதான் திரும்ப எடுக்கும். நின்ன உடனே லோடு இல்லாததால வோல்டேஜ் ஏறும், அது திரும்ப ட்ரை பண்ணும், திரும்ப விழும், இப்படியே ராத்திரி பூரா.

சரி, எப்படி கண்டுபிடிக்கறது? ஃப்ரிட்ஜ் ஓடிட்டிருக்கும்போதே அதோட டெர்மினல்ல அளங்க, கூடவே பேட்டரிலயும் அளங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் 0.3, 0.4க்கு மேல இருந்தா ஒயரிங்தான் குத்தவாளி. எந்தப் பக்கம்னு தெரியணும்னா ஒரு நீள ஒயர வெச்சு மீட்டரோட ஒரு ப்ரோப பேட்டரி ப்ளஸ்லயும் இன்னொண்ண ஃப்ரிட்ஜ் ப்ளஸ்லயும் வைங்க, அந்தப் பாதையில தொலையற வோல்டேஜ் நேரா ஸ்க்ரீன்ல வந்துரும். மைனஸுக்கும் அதே மாதிரி. நான் பாத்த வரைக்கும் நெறைய பேர் ப்ளஸ் பக்கத்த மட்டும் நோண்டிட்டு விட்டுருவாங்க, பாடி எர்த் ஸ்க்ரூ அடில பச்சைக் களிம்பு பூத்துக் கிடக்கும். ஃப்யூஸ் ஹோல்டர தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா யோசிக்காம மாத்திருங்க.

ஒயர் மாத்தறதா இருந்தா அந்த கம்ப்ரஸருக்கு கம்பெனி சொல்ற அளவு 12 வோல்ட்ல ஒரு பக்க நீளம் அதிகபட்சம் 2.5 ஸ்கொயருக்கு 2.5 மீட்டர், 4க்கு 4 மீட்டர், 6க்கு 6 மீட்டர். உங்களுக்கும் மேல சொன்ன மாதிரி 6 மீட்டர்னா 6 ஸ்கொயர் போட்டு, பேட்டரிலேர்ந்து தனி ஃப்யூஸோட நேரா இழுத்துருங்க, விளக்கு பம்ப்போட சேக்காதீங்க.

வித்தியாசமே இல்லாம பேட்டரி முனையிலயே 12.4லேர்ந்து 11க்கு விழுதுன்னா அப்ப பேட்டரிதான் தளர்ந்துபோச்சு, புதுசா இருந்தாலும் ரெண்டு மூணு தடவ அடி வரைக்கும் காலி பண்ணியிருந்தா லெட் ஆசிட் பேட்டரி அப்படித்தான் ஆகும்.

கேள்வி: எங்களோடது கேஸ்ல ஓடற ஃப்ரிட்ஜ். பேட்டரி இறங்கினா அதுவும் நிக்குது. கேஸுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: குளிர் கேஸ்லேர்ந்து வருது, ஆனா கேஸ் வால்வ திறந்து பிடிச்சுக்கறது, பத்த வைக்கறது, தீ எரியுதான்னு பாக்கறது எல்லாம் 12 வோல்ட் போர்டு. சுமார் பத்தரை வோல்ட்டுக்கு கீழ போனா பல மாடல்கள் வால்வ மூடிரும். கதவு ஓரம் வேர்க்காம இருக்க ஒரு சின்ன ஹீட்டர் இருந்தா அத ஆஃப் பண்ணுங்க, நாள் முழுக்க சத்தமில்லாம இழுத்துட்டே இருக்கும். முக்கியமா மூணு வழி ஃப்ரிட்ஜா (கேஸ், 12 வோல்ட், வீட்டு கரன்ட் மூணுலயும் ஓடறது) இருந்தா வண்டி நின்னதும் 12 வோல்ட் மோடுலேர்ந்து கேஸுக்கு மாத்த மறக்காதீங்க, 12 வோல்ட் மோடுல தீக்கு பதிலா வேலை செய்யற ஹீட்டர் பத்து பதினஞ்சு ஆம்ப் இழுக்கும், ஒரு ராத்திரிக்கு எந்த சின்ன பேட்டரியும் தாங்காது.

கேள்வி: கட்-ஆஃப் வோல்டேஜ இன்னும் கீழ இறக்கி வெச்சா காலை வரைக்கும் ஓடுமாமே?

பதில்: கன்ட்ரோலர்ல ஒரு ரெசிஸ்டர் மாட்டி இறக்கலாம், உண்மைதான். ஆனா லெட் ஆசிட் பேட்டரி லோடு இல்லாம 12.2 காட்டும்போதே பாதி தீர்ந்தாச்சு, அதுக்கு கீழ தினமும் போனா அதோட ஆயுசு சுருங்கிட்டே வரும். ஒயரிங் சரியானப்பறம் கட்-ஆஃப ஏத்தி வைங்கன்னுதான் நான் சொல்லுவேன். லித்தியம்னா வோல்டேஜ் கடைசி வரைக்கும் பெரிசா இறங்காது, அங்க மீட்டர் எண்ண நம்பாம ஆம்ப் ஹவர் கணக்கு காட்டற மானிட்டர் ஒண்ணு போட்டுக்கோங்க.