தில்லியில் மதராசி, மதுரையில் பட்டுநூல்காரர்

அன்புள்ள ஐயா,

நான் மதுரை மகால் பக்கம் பிறந்து வளர்ந்த சௌராஷ்டிரப் பெண். இப்போது தில்லியில் பி.ஏ. சமூகவியல் முதலாண்டு. அறிமுகத் தாளுக்கு 'என் பண்பாட்டு அடையாளம்' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அரைப் பக்கத்தில் நின்றுவிட்டது. ஹாஸ்டலில் நான் மதராசி. மதுரையில் எங்கள் வீடு பட்டுநூல்காரர் வீடு. அறைத்தோழி ராஜ்கோட்காரி, எங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதிதான் அவள் ஊர். ஆசையாக எங்கள் மொழியில் பேசிப் பார்த்தேன், நாலு சொல்லுக்கு மேல் அவளுக்குப் புரியவில்லை, மராத்தியா என்று கேட்டாள். இதில் எதை எழுதுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த அரைப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. சாப்பாடு, சேலை, திருவிழா, கல்யாணச் சடங்கு. எல்லாரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், அப்புறம் பேனா நகராது, ஏனென்றால் அந்தப் பட்டியலில் பாதி எதிர்வீட்டிலும் இருக்கும். அதைக் கிழித்துப் போடுங்கள். எனக்கு எழுதிய கடிதம்தான் உங்கள் கட்டுரை.

ஃபிரெட்ரிக் பார்த் என்று ஒரு நார்வே மானிடவியலாளர், பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கில் பத்தான்களிடையே ஆய்வு செய்தவர். இனக்குழுக்களுக்கு இடையிலான எல்லைகள் பற்றி 1969 இல் அவர் தொகுத்த ஒரு நூலின் முன்னுரையில் சொன்னதை என் பாஷையில் சொன்னால் இப்படி: வயலில் என்ன விளைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்காதே, வரப்பைப் பார். விளைச்சல் மாறும், வரப்பு நிற்கும். அதை யார் போட்டது, யார் தாண்டலாம், இந்தப் பக்கம் நிற்பவனை அந்தப் பக்கத்துக்காரன் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான் என்பதெல்லாம்தான் கேள்வி. சுங்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்கள் விரல்நுனியில் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்தெடுத்த சேலை, இன்று மதுரைச் சுங்குடி என்ற பெயரில் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது, கடையில் தொங்குவது பெரும்பாலும் மெழுகு அச்சு. அதனால் நீங்கள் சௌராஷ்டிரர் இல்லை என்று ஆகிவிட்டதா?

வரப்புச் சண்டைக்கு உங்கள் வரலாற்றிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. ராணி மங்கம்மாள் காலத்தில், ஆவணி அவிட்டம் செய்தார்கள் என்பதற்காக உங்கள் சமூகத்தவர் 18 பேரை மதுரை ஆளுநர் பிடித்துவைத்தார். பட்டு நெய்கிறவனுக்குப் பூணூல் மாற்ற என்ன உரிமை என்பதுதான் வழக்கு. ராணி பண்டிதர்களைக் கூட்டி விசாரித்து, உரிமை உண்டு என்று 1705 இல் ஓலை எழுதிக் கொடுத்தார். கீழே வைக்கப்பட்ட ஒரு சாதி மேல்சாதியின் சடங்குகளை எடுத்துக்கொண்டு மேலேறப் பார்ப்பதை எம்.என். சீனிவாஸ் 1952 இல் குடகர்கள் பற்றிய நூலில் சமஸ்கிருதமயமாதல் என்றார். உங்கள் பாடத்திலும் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்தச் சொல்லை ஒப்ப மாட்டார்கள், நாங்கள் ஏறவில்லை, ஆதியிலிருந்தே பிராமணர் என்பார்கள். அதையும் எழுதுங்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப்படுவது, ஒருவர் தன்னை என்னவென்று நினைக்கிறார் என்பது மட்டும் போதாமல் ஓர் ஓலை தேவைப்பட்டது என்பதுதான். முந்நூறு வருடம் கழித்து உங்கள் சாதிச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சௌராஷ்டிரா என்று போட்டு, பக்கத்தில் அடைப்புக்குள் பட்டுநூல்காரர் என்று இருக்கும். வெளியாள் கூப்பிட்ட பெயர் அரசாங்கத் தாளில் ஏறிவிட்டது.

ராஜ்கோட் தோழியிடம் கோபம் வேண்டாம். மராத்தியா என்று அவள் கேட்டது மோசமான ஊகமும் இல்லை, உங்கள் மொழியில் மராத்தியும் தெலுங்கும் தமிழும் கலந்து கிடக்கின்றன, வந்த வழி அப்படி.

சரி, என் கதை. எங்கள் வீட்டில் தெலுங்கு, கோவில்பட்டிப் பக்கம். ஹைதராபாத்தில் ஓட்டலில் வாய் திறந்தாலே சர்வர் சிரித்துக்கொண்டு தமிழில் பதில் சொல்வார். 2011 கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தபோது நான் திண்ணையில் இருந்தேன். தாய்மொழி என்று அவர் கேட்டதும் அப்பா, "தமிழ்னு போட்டுக்கங்க" என்றார். சொல்லி முடிக்கவில்லை, அடுப்படியிலிருந்து அம்மா, வந்தவங்களுக்கு மோர் கொடுத்தாச்சா என்று கத்துகிறாள், தெலுங்கில். டீச்சர் பேனாவைத் தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "அது வீட்டுக்குள்ளங்க" என்றார் அப்பா. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் விதி. அப்பா சொன்னதை டீச்சர் எழுதிக்கொண்டார், மோரையும் குடித்தார். அன்றைக்கு அப்பா மேல் எனக்கு எரிச்சல். இப்போது இல்லை. வரப்பு எங்கே ஓடுகிறது என்று எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கள் வீட்டில் அது வாசற்படி.

அதே கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். பாட்டி இருந்தால் இன்றைக்கே ஃபோன் போட்டு, மகால் தெருவில் உங்கள் வாசலுக்கு வந்தவரிடம் என்ன சொன்னார்கள், யார் சொன்னது, பாட்டியைக் கேட்டார்களா என்று விசாரியுங்கள். கட்டுரையை அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பதில் என்னவென்று எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.