நான்கு மாத உதவித்தொகை ஒன்றாக வரப்போகிறது: எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: மேலூர் அருகே ஒரு கிராமத்தைச் சேர்ந்த எனக்கு வயது 26. மதுரையில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற்றதால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் அது மாதந்தோறும் வருவதில்லை. ஏழு மாதங்களுக்கு முன், தொகை நின்றிருந்த சமயத்தில், தெரிந்த ஒருவரிடம் 60,000 ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கினேன். அம்மாவின் ஐந்து பவுன் சங்கிலி வங்கியில் 1,20,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. எம்.எஸ்சி. படிக்க வாங்கிய கல்விக் கடனில் 2,40,000 ரூபாய் பாக்கி; வங்கியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. இப்போது நான்கு மாத நிலுவை 1,48,000 ரூபாய் வரப்போகிறது. தம்பியின் பொறியியல் படிப்புக்கு அப்பா 1 லட்சம் கேட்கிறார். மாமா 5 லட்ச ரூபாய் சீட்டில் சேரச் சொல்கிறார். உதவித்தொகைக்கு வரி உண்டா என்பதும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த பாஸ்புக் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விக்கான பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரே நாளில் 1,85,000 ரூபாய் வரவாகியிருக்கிறது. அடுத்த 19 நாள்களில் மடிக்கணினிக்கு 52,000, ஸ்கூட்டருக்கு முன்பணம் 40,000, வீட்டுக்கு 30,000, தோழிக்குக் கைமாற்றாக 25,000, சில்லறையாக 7,000 என்று போய், கையிருப்பு 31,000 ரூபாயாகிவிட்டது. இவற்றில் எதையும் ஊதாரிச் செலவு என்று சொல்ல மாட்டேன். மடிக்கணினி இல்லாமல் ஆய்வேடு எழுத முடியாது. ஆனால் அந்த வரிகளில் 60,000 ரூபாய்க் கடன் மட்டும் இல்லை. அன்றே அதை அடைத்திருந்தால், அதன்பின் மாதம் 1,800 வீதம் நீங்கள் கொடுத்த 9,000 ரூபாய் வட்டி உங்களிடமே இருந்திருக்கும்.

மூன்று வட்டி என்று சொல்லும்போது சின்ன எண்ணாகத்தான் காதில் விழுகிறது. நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். இதே 60,000 ரூபாயை வங்கியில் நகையின் பேரில், ஆண்டுக்கு 9 சதவீதத்தில் வாங்கியிருந்தால் மாத வட்டி 450 ரூபாய்தான். பத்திரம் இல்லை, அடகு இல்லை, கெடு இல்லை, தெரிந்தவர் என்பதால் அவசரப்படுத்துவதும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அசலைக் கேட்காமல் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டிருப்பதில் அவருக்குத்தான் லாபம். அவர் ஏன் அவசரப்படுத்தப் போகிறார்? நிலுவை வரவான மறுநாளே அசல் 60,000, அந்த மாத வட்டி 1,800 இரண்டையும் வங்கிப் பரிமாற்றமாகவே அனுப்பி, கணக்கு தீர்ந்தது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட தாள் ஏதேனும் அவரிடம் இருந்தால் அதைத் திரும்பப் பெறாமல் வராதீர்கள். கடன் அட்டை வாங்கிச் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். முழுத் தொகையைக் கட்டத் தவறினால் அட்டைகள் மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி போடுகின்றன, அதாவது உங்கள் மூன்று வட்டிக்காரரை விடவும் சில அட்டைகள் கடுமையானவை.

மீதம் 86,200 ரூபாய். அம்மாவின் சங்கிலிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் ஓராண்டுக் கெடு முடிகிறது என்கிறீர்கள். அதற்கான வட்டி 10,800 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஒன்பது சதவீதக் கடனை அவசரமாக அடைக்க வேண்டியதில்லை. வட்டியைக் கட்டி முறைப்படி திருப்பி வைத்தால் போதும். அடகு வைத்த நாளைவிட இன்று பவுன் விலை வெகுவாக ஏறியிருப்பதால், திருப்பி வைக்கும்போது கூடுதல் தொகை தருவதாக வங்கியிலேயே சொல்லக்கூடும். இப்போது அதை வாங்க வேண்டாம். மீண்டும் உதவித்தொகை நின்று, கையில் உள்ளதும் தீர்ந்தால், மூன்று வட்டிக்காரரிடம் போவதற்கு முன் இந்த வழி இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சும் 75,400 ரூபாயை எந்தக் கடனுக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் சிக்கல் வருமானம் குறைவு என்பதல்ல. ஆண்டுக்கு 4,44,000 ரூபாய் வருகிறது, ஆனால் எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாது. இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, உங்கள் அப்பாவுக்கே தெரியும். பெரியாறு பாசனத்தின் கடைமடையில் இருப்பவர், கால்வாயில் தண்ணீர் வரும் நாள்களை நம்பி நாற்று விடுவதில்லை. கண்மாய் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பார்த்துத்தான் விடுவார். உதவித்தொகை வரும் கணக்கும் செலவுக் கணக்கும் உங்களுக்கு ஒன்றாக இருப்பதால், வரும் தண்ணீர் நேராக வயலில் பாய்ந்து வடிந்துவிடுகிறது.

ஆகவே உதவித்தொகை வரும் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஏ.டி.எம். அட்டையையும் யு.பி.ஐ. இணைப்பையும் நீக்கிவிடுங்கள். வேறொரு வங்கியில் செலவுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி 21,500 ரூபாய் மட்டும் முதல் கணக்கிலிருந்து தானாக அங்கே மாறும்படி ஏற்பாடு செய்யுங்கள். 21,500 என்பது நான் வைத்த எண் அல்ல. விடுதியும் மெஸ்ஸும் 5,000, களப்பயணமும் பஸ்ஸும் 3,500, கைப்பேசி, புத்தகம், அச்சுச் செலவு 2,000, துணிமணி, மருந்து, இதர செலவு 3,000, வீட்டுக்கு 8,000 என்று நீங்கள் எழுதிய கணக்கின் கூட்டுத்தொகைதான். கையிலுள்ள 75,400 ரூபாய் மூன்றரை மாதத்துக்குத் தாங்கும். உதவித்தொகை வரும் ஒவ்வொரு மாதமும் 15,500 ரூபாய் மிஞ்சும் என்பதால், இருப்பு ஆறு மாதச் செலவான 1,29,000 ரூபாயைத் தொடும்வரை வேறு எதற்கும் கை வைக்க வேண்டாம். விடுதி பிடிக்கவில்லை, வெளியே வீடு எடுத்து வாடகைப்படி வாங்கலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். விடுதியில் இடம் தரப்பட்டு, அதை நீங்களே மறுத்தால் வாடகைப்படி கோரும் உரிமை போய்விடும் என்பது விதி. ஆகவே அந்தக் கணக்கு உதவாது.

தாமதத்தைக் குறைக்க உங்களால் இயன்றதும் ஒன்று உண்டு. நீங்கள் அந்த மாதம் ஆய்வில் தொடர்கிறீர்கள் என்பதை நெறியாளரும் துறைத்தலைவரும் உறுதிசெய்து, பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒருவர் இணையதளத்தில் பதிந்து, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பின்னரே பணம் விடுவிக்கப்படுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கையெழுத்து விடுபட்டாலும் அந்த மாதம் நிலுவையாகிவிடும். களப்பயணமாகச் சிறுமலைக்குப் போயிருந்ததால் இரண்டு மாதம் படிவத்தைத் தாமதமாகக் கொடுத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி மலைக்குப் புறப்படும் முன் படிவம் அலுவலகத்தைச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

ஆய்வுக்கான இதர செலவுகளுக்குத் தரப்படும் கன்டிஜென்சி தொகையையும் விட்டுவைத்திருக்கிறீர்கள். அறிவியல் துறை ஆய்வாளருக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதன்பின் ஆண்டுக்கு 25,000 ரூபாய் உண்டு. இரண்டு ஆண்டுக்கு 24,000 ரூபாய்க்கு இடமிருக்க, நீங்கள் கோரியது 7,000 மட்டும். வேதிப்பொருள்களையும் உலர்தாவரத் தாள்களையும் கைக்காசில் வாங்கிவிட்டு, பில்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில்கள் நாளடைவில் வெளுத்துவிடும். இன்றே நகலெடுத்து, தேதிவாரியாக ஒட்டி, கடந்த ஆண்டுக்குரியவற்றை இன்னும் ஏற்பார்களா என்று துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கல்விக் கடனையும் தம்பியின் கட்டணத்தையும் நீங்கள் தனித்தனியாகப் பார்க்கிறீர்கள்; எனக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன. உங்கள் கல்விக் கடனில் அப்பா இணைக் கடனாளி. அது வாராக்கடனானால் உங்கள் கடன் மதிப்பெண்ணோடு அவருடையதும் கெடும். நாளை தம்பிக்குக் கல்விக் கடன் கேட்டுப் போகும்போது அதே அப்பாதான் இணைக் கடனாளியாக உட்கார வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கேட்க மாட்டார்கள். உங்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டதால்தான் கடிதம் வந்திருக்கிறது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பயந்து பீரோவில் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் முழுநேர ஆய்வாளர் என்ற சான்றிதழையும் இணைத்து, மேற்படிப்பைக் காரணம் காட்டித் தவணைத் தொடக்கத்தைத் தள்ளிவைக்குமாறு கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் மாத வட்டியையாவது கட்டி வாருங்கள். இல்லாவிட்டால் அது சேர்ந்து பின்னாளில் அசலோடு கலந்துவிடும். ஏற்கவில்லை என்றால், தவணைக் காலத்தை நீட்டி, 15,500 ரூபாய் மிச்சத்துக்குள் அடங்கும் தவணையாகக் கேட்டு அன்றே தொடங்குங்கள். ஆறு மாத இருப்பு சேர்வது தாமதமானாலும் பரவாயில்லை.

தம்பிக்கு 1 லட்சம் கொடுக்க இப்போது உங்களிடம் பணம் இல்லை. இருப்பது நிலுவை, அது ஏற்கெனவே செலவாகிவிட்ட நான்கு மாதங்களுக்கு உரியது. குடும்பத்தில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்பதால் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை தம்பிக்குக் கிடைக்காது. ஆனால் அவர் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்கிறீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று ஒதுக்கீட்டு ஆணையை எடுத்துப் பாருங்கள். தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் கல்லூரி வழியே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மீதிக்குக் கல்விக் கடன்தான் வழி. அக்கா மூன்று வட்டிக்கு வாங்கித் தம்பிக்குக் கட்டணம் கட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; அக்காவின் ஆய்வுதான் பாதியில் நின்றது.

மாமாவின் சீட்டு வேண்டாம். 20 மாதம், மாதம் 25,000 ரூபாய் என்பது உங்கள் மாத மிச்சத்தைவிட அதிகம். அது 1982-ம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று கேட்டதற்கு, நோட்டில் எழுதி நடத்துவதாகச் சொல்கிறீர்கள். அதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

வரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்விச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு விலக்கு அளித்தது. புதிய சட்டத்தில் பிரிவின் எண் மாறினாலும் விலக்கு நீடிக்கிறது. உதவித்தொகையை வங்கியில் போட்டு அதற்கு வரும் வட்டி மட்டும் வருமானக் கணக்கில் சேரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்னும் நான்கு மாதத்தில் மதிப்பீட்டுக் குழு ஏற்றுக்கொண்டதும் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆகி, தொகை 42,000 ரூபாயாகும். ஜே.ஆர்.எஃப்., எஸ்.ஆர்.எஃப். இரண்டும் சேர்ந்து ஐந்து ஆண்டுகள்தான். முனைவர் பட்டப் பதிவோ ஆறு ஆண்டுகள் வரை போகலாம், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு உண்டு. கள ஆய்வை நம்பியிருக்கும் தாவரவியலில் ஒரு மழைக்காலம் பொய்த்தாலே ஓராண்டு தள்ளிப்போகும். ஆறாம் ஆண்டில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும்போது உதவித்தொகை இருக்காது. அந்த ஓராண்டுக்கு இன்றைய செலவுக் கணக்கில் 2,58,000 ரூபாய் தேவை. எஸ்.ஆர்.எஃப். தொடங்கும் மாதத்திலிருந்து 36 மாதங்களுக்கு மாதம் 7,200 ரூபாய் வங்கித் தொடர் வைப்பில் போட்டு வந்தால், வட்டியைச் சேர்க்காமலே 2,59,200 ரூபாய் சேரும். அதுபோக மாதம் 13,300 ரூபாய் மிஞ்சும். அதில் கல்விக் கடன் வட்டியோ தவணையோ போக, மீதத்தைக் கொண்டு சங்கிலியை மீட்கலாம்.

அப்பாவிடம் இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லாதீர்கள். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது பாஸ்புக்கையும் வங்கிக் கடிதத்தையும் அவர் முன் விரித்து வைத்து, 1 லட்சம் ஏன் இல்லை என்பதைக் காட்டுங்கள். 8,000 ரூபாய் இனி ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி தவறாமல் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.