சுழலும் வட்டத்தை முதலில் எடுத்துவிடுங்கள்

வணக்கம். உங்கள் இணையதளத்தின் படத்தொகுப்புப் பக்கம் திறக்க 6 வினாடி ஆகிறது, 'காத்திருங்கள்' என்று காட்டும் சுழலும் வட்டம் வைத்தும் பாதிப் பேர் நடுவிலேயே போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சர்வரை மாற்றச் செலவழிக்கும் முன் அந்த வட்டத்தை எடுத்துப் பாருங்கள். வெற்றுத் திரையில் அது சுற்றிக்கொண்டே இருந்தால், வேலை நடக்கிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியாது.

மென்பொருளின் பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சன் 1993-இல் எழுதிய அளவு இன்றும் பொருந்துகிறது: 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 வினாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே முதல் வினாடியிலேயே தலைப்பும் எழுத்தும் கண்ணில் படட்டும். படங்கள் வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் போதும்.

கட்டத்தின் அளவும் படத்தின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் பக்கத்தின் எச்டிஎம்எல் (HTML) குறிமுறையிலேயே கொடுங்கள். நான் செய்த ஒரு பக்கத்தில் இதைக் கொடுக்கவில்லை. ஒருவர் 'அடுத்து' பொத்தானை அழுத்த விரலைக் கொண்டுபோன நொடியில் மேலே படம் வந்து விழுந்தது, பொத்தான் கீழே நழுவியது, விரல் வேறு இணைப்பில் பட்டது. அவர் பக்கத்தையே மூடிவிட்டார். தாமதத்தைப் பொறுத்துக்கொண்டவர், பொத்தான் அப்படி இடம் மாறியதைப் பொறுக்கவில்லை.

கீழே உள்ள படங்களுக்கு லேஸி லோடிங் போடுங்கள், அதாவது வாசகர் அந்த இடத்தை நெருங்கும்போது மட்டும் படம் இறங்கட்டும். முதல் திரையின் பெரிய படத்துக்குப் போடவே கூடாது, அது இன்னும் தாமதமாகும். எழுத்துரு வரும்வரை எழுத்து மறைந்திருந்தால், அதுவரை வேறு எழுத்துருவில் காட்டும் 'ஸ்வாப்' (font-display: swap) அமைப்பைச் சேர்த்துவிடுங்கள்.

மாற்றியபின் பழைய கைபேசி ஒன்றில் திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.