அம்மா கப்பல்ல, நாம சைக்கிள்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க நாலு பேர். நான், மனைவி, 13 வயசு மகள், 66 வயசுல எங்கம்மா. ஜூன் லீவுக்கு ஐரோப்பா போகலாம்னு பேச்சு. லைசென்ஸ் இருக்கு, ஆனா அங்க ரோட்டுல வலது பக்கமா கார் ஓட்ட எனக்கு தைரியம் இல்ல. ஆபீஸ் நண்பர் ஒருத்தர், டான்யூப் ஆத்தோரமா ஜெர்மனியில இருக்கிற பாஸாவ்லேர்ந்து ஆஸ்திரியா தலைநகர் வியன்னா வரைக்கும் 7 நாள்ல சைக்கிள்லயே போனேன், நீங்களும் போங்கங்கிறார். எங்களுக்கு ஞாயித்துக்கிழமை ஈஸ்ட் கோஸ்ட் பார்க்குல ஓட்டுற பழக்கம் மட்டும்தான். அம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, சுத்த சைவம் வேற. இது நடக்குற காரியமா?
— வாசகர், பாசிர் ரிஸ், சிங்கப்பூர்

பதில்: நடக்கும் சார், ஆனா உங்க நண்பர் போன மாதிரி இல்ல. பாஸாவ்லேர்ந்து வியன்னா கிட்டத்தட்ட 320 கிலோமீட்டர். மேடு பள்ளம் அதிகம் கிடையாது, அந்தக் காலத்துல குதிரைகளைக் கட்டி கப்பலை எதிர் ஓட்டத்துல இழுத்துட்டுப் போன பாதைதான் நிறைய இடத்துல இப்ப சைக்கிள் பாதையா இருக்கு, அதனால உங்க முழங்காலுக்குப் பிரச்சினை வராது. பிரச்சினை வர்ற இடம் சீட். ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர்னு வரிசையா ஏழு நாள், மூணாவது நாள் காலையில உங்க பொண்ணு சைக்கிளைப் பார்த்துட்டு உங்களைப் பார்க்கிற பார்வை இருக்கே, அதை நீங்க வாங்க வேணாம்.

அந்த 320ல கடைசி பாதியில வர்ற ஒரு துண்டு மட்டும் போதும். மெல்க்லேர்ந்து கிரெம்ஸ் வரைக்கும் 36 கிலோமீட்டர் சொச்சம், அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேரு வாஹாவ், 2000ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. காலையில கிளம்பினா மத்தியான சாப்பாட்டுக்குள்ள ஓட்டி முடிச்சிடலாம்னு தோணும், நான் முதல் தடவை அதைத்தான் பண்ணேன், ஆப்ல தூரத்தைப் பார்த்துக்கிட்டே ஓட்டி எல்லா ஊரையும் தாண்டி வந்துட்டு கிரெம்ஸ் ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்து இப்ப என்ன பண்றதுன்னு முழிச்சேன். ரெண்டாவது தடவை அதே தூரத்துக்கு மூணு நாள் எடுத்துக்கிட்டேன். நீங்களும் மூணு நாள் வைங்க.

பெரிய பெட்டியெல்லாம் வியன்னா ஹோட்டல்ல விட்டுட்டு ஆளுக்கு ஒரு பையோட மெல்க்குக்கு ரயில் ஏறுங்க, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. சைக்கிளை ரயில்ல ஏத்துற வம்பே வேணாம், அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம். அன்னைக்கு மலை மேல மஞ்சள் கலர்ல நிக்கிற மெல்க் மடத்தைப் பாருங்க. 1089லேர்ந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்க இருக்காங்க, இப்ப இருக்கிற கட்டடம் 18ஆம் நூற்றாண்டோடது.

மறுநாள் நீங்க மூணு பேரும் சைக்கிள்ல, அம்மா கப்பல்ல. ஏப்ரல்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல பயணிகள் கப்பல் ஓடுது, ஷ்பிட்ஸ், டுர்ன்ஷ்டைன் ரெண்டு ஊர்லயும் நிக்கும். உங்க பைகளையும் அம்மாவோட அனுப்பிடுங்க. அம்மா டெக்ல உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு வருவாங்க, நீங்க வேர்த்து வழிஞ்சு ஷ்பிட்ஸ் போய்ச் சேரும்போது கரையில நின்னுக்கிட்டு ஏன்டா இவ்ளோ லேட்டுன்னு கேட்பாங்க, அதுக்கு மட்டும் தயாரா இருங்க.

மெல்க்லேர்ந்து தெற்குக் கரையில ஓட்டுங்க. கார் போற பெரிய ரோடு வடக்குக் கரையில, அதனால தெற்குல சத்தம் கம்மி. ஷோன்பூஹெல் கோட்டை ஆத்தோரப் பாறை மேல நிக்கும், அப்புறம் வலது கைப் பக்கம் அண்ணாந்து பார்த்தா உச்சியில அக்ஷ்டைன் கோட்டை இடிஞ்சு கிடக்கும் (ஏறிப் பார்க்கணும்னு ஆசை வந்தா சைக்கிளைக் கீழயே பூட்டிட்டு நடங்க, அது 300 மீட்டர் ஏத்தம்). ஆர்ன்ஸ்டார்ஃப் வந்ததும் எதிர்க்கரையில ஷ்பிட்ஸ் தெரியும். நடுவுல பாலம் கிடையாது. மெல்க் பாலத்தை விட்டா கிரெம்ஸ் பக்கம் மௌட்டர்ன் போற வரைக்கும் ஆத்தைத் தாண்ட ஒரு பாலமும் இல்ல, படகுதான்.

அந்தப் படகைப் பத்தி மட்டும் கொஞ்சம் கூட எழுதுறேன், பொறுத்துக்கங்க. மோட்டாரே இல்லாத படகு. ஆத்துக்குக் குறுக்கே உசரத்துல ஒரு இரும்புக் கயிறு, அதுல ஒரு உருளை, உருளையிலேர்ந்து இறங்குற கயிறுதான் படகைப் பிடிச்சிருக்கு. படகுக்காரர் சுக்கானைத் திருப்பிப் படகைக் கொஞ்சம் சாய்வா நிறுத்துவார், ஓடி வர்ற தண்ணி பக்கவாட்டுல மோதித் தள்ளும், படகு அப்படியே எதிர்க்கரைக்கு வழுக்கிக்கிட்டுப் போகும். உபின் தீவுக்கு பம்போட்ல போயிருப்பீங்க, அந்த டபடப சத்தம், டீசல் வாடை எதுவும் இல்லாம ஒரு படகு நகர்றதை யோசிச்சுப் பாருங்க. தண்ணி சலசலன்னு போற சத்தமும் மேல உருளை உருள்ற சத்தமும் மட்டும்தான் கேக்கும். ஓட்டம் இருந்தாதான் இந்தப் படகு நகரும், டான்யூப்ல ஆஸ்திரியாவுக்குள்ள பெரும்பாலான இடத்துல மின்சாரத்துக்கு அணை கட்டிட்டாங்க, தண்ணி தேங்கித்தான் நிக்குது. வாஹாவ்லயும் கட்டப் பார்த்தாங்க, 1970கள்ல ஊர்க்காரங்க எதிர்த்து நின்னு தடுத்துட்டாங்க. அன்னைக்கு அவங்க விட்டுக் கொடுத்திருந்தா இன்னைக்கு இந்தப் படகு இல்ல.

மூணாவது நாள் ஷ்பிட்ஸ்லேர்ந்து வடக்குக் கரையில, திராட்சைத் தோட்டத்துக்கு நடுவுல. வர்ற ஊர் எல்லாமே சின்னச் சின்ன ஊர், கோட்டைச் சுவர் போட்ட தேவாலயம், ஒரு கை நீட்டினா எதிர்வீட்டுச் சுவர் தட்டுப்படுற சந்து. செயின்ட் மைக்கேல் தேவாலயக் கூரை மேல ஏழு மிருக பொம்மை வரிசையா ஓடும், உங்க மகளை எண்ணச் சொல்லுங்க. ஒரு வருஷம் பனி கூரை வரைக்கும் குவிஞ்சு முயலெல்லாம் மேல ஓடிச்சுன்னு ஊர்ல கதை சொல்வாங்க.

அப்புறம் டுர்ன்ஷ்டைன். நீல கோபுரம் தூரத்துலயே தெரிஞ்சிடும். இங்கிலாந்து ராஜா ரிச்சர்டு சிலுவைப்போர் முடிஞ்சு திரும்பும்போது 1192 டிசம்பர்ல வியன்னா பக்கத்துல மாட்டிக்கிட்டார், ஆஸ்திரியாவோட லியோபோல்டு அவரை அடைச்சு வச்ச கோட்டை இந்த ஊர் தலைக்கு மேல இருக்கு. அவரை விடுவிக்க வாங்கின வெள்ளியில லியோபோல்டோட பங்கு வியன்னாவோட ஊர்ச்சுவர் கட்டவும் போச்சு. கோட்டையை 1645ல ஸ்வீடன் படை தகர்த்துட்டுப் போச்சு, மிச்சச் சுவர் மட்டும் நிக்குது. பெரிய ரோடு ஊருக்கு அடியில சுரங்கத்துல போயிடறதால கார் தொல்லை இல்ல. தெருவெல்லாம் கல் பாவினது, கூட்டம் வேற, சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடங்க. கப்பல் கூட்டம் மத்தியானம் வந்து இறங்கும், அதுக்கு முன்னாடி போயிடுங்க. அங்கேர்ந்து கிரெம்ஸ் பக்கம்தான், சைக்கிளை ஒப்படைச்சிட்டு ரயில்ல வியன்னா திரும்பிடலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வாடகை சைக்கிள் சிலதுல பின்னாடி பெடல் மிதிச்சா பிரேக் பிடிக்கும். நம்ம ஊர்ல சிக்னல்ல நிக்கும்போது பெடலைச் சும்மா பின்னாடி சுத்தி வச்சிக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, நான் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதைப் பண்ணி, சைக்கிள் சடார்னு நின்னு, ஹேண்டில்பார் வயித்துல இடிச்சு, திராட்சைத் தோட்டக்காரம்மா ஓடி வந்து தண்ணி கொடுத்தாங்க. எடுக்கும்போதே கேட்டுடுங்க.

கேள்வி: மேல கேட்டவரே இதையும் கேட்டிருக்கார்: அம்மா என்ன சாப்பிடுவாங்க?

பதில்: அம்மாவுக்கு அங்க பிடிக்கப்போறது மரிலன்க்னோடல். வாஹாவ் முழுக்க ஏப்ரிகாட் மரம், அதுக்கு அங்க மரிலன்னு பேரு. உருளைக்கிழங்கு மாவுலயோ பாலாடைக்கட்டி மாவுலயோ முழுப் பழத்தை வச்சு மூடி, வெந்நீர்ல வேகவச்சு, வெண்ணெயில வறுத்த ரொட்டித்தூள்ல புரட்டித் தருவாங்க. நம்ம பூரணக் கொழுக்கட்டைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. பழம் ஜூலையிலதான் நல்லா பழுக்கும், ஜூன்ல போனா மரத்துல காயாத்தான் பார்ப்பீங்க.

சூப் விஷயத்துல மட்டும் ஜாக்கிரதை. உள்ள மிதக்குறது வெறும் தோசைத் துண்டு மாதிரி இருக்கும், தண்ணி மாட்டு எலும்பு வேகவச்ச தண்ணியா இருக்கும். உருளைக்கிழங்குலயும் பன்றி இறைச்சித் துண்டு சின்னதா கலந்திருப்பாங்க, "ஷ்பெக்" போடாதீங்கன்னு தனியாச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் அடைச்சிருக்கும், சனிக்கிழமையே பிரெட், தயிர், பழம் வாங்கி வச்சிடுங்க. தேக்கா மார்க்கெட்டுல பருப்புப்பொடி ஒரு பாக்கெட் வாங்கிப் பையில போட்டுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.

கேள்வி: நான் சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். சிங்கப்பூர் பாஸ்போர்ட் நண்பர்களோட போறேன். விசா வேணுமா?
— வாசகி, செங்காங்

பதில்: உங்களுக்கு வேணும், ஷெங்கன் விசா, ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவானது. அவங்களுக்கு 90 நாள் வரைக்கும் விசா இல்லாம போகலாம். அவங்க டிக்கெட் போடுற வேகத்துல நீங்களும் போட்டுடாதீங்க, அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கிறதே தனிக் கதை.

கேள்வி: எனக்கு மூச்சு வாங்கும். மின் சைக்கிள் எடுக்கலாமா, இங்க மாதிரி பரீட்சை, நம்பர் பிளேட்டெல்லாம் உண்டா?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: தாராளமா எடுங்க. மிதிச்சா மட்டும் உதவுற, 25 கிலோமீட்டர் வேகத்தோட மோட்டார் நின்னுடுற சைக்கிள் அங்க சாதாரண சைக்கிள் கணக்குதான், பரீட்சையும் இல்ல பிளேட்டும் இல்ல. சின்னப் பிள்ளைங்களுக்கு ஹெல்மெட் கட்டாயம், நீங்களும் போட்டுக்கங்க. திராட்சைத் தோட்டத்துல ஒயின் ஊத்திக் கொடுப்பாங்க, சைக்கிள்தானேன்னு நினைக்காதீங்க, குடிச்சிட்டு சைக்கிள் ஓட்டினாலும் அபராதம் உண்டு.

போறதுக்கு முன்னாடி பழகணும்னா ரயில் காரிடார் உங்க வீட்டுப் பக்கத்துலேர்ந்தே தொடங்குது, 2011 வரைக்கும் மலாயா ரயில் ஓடின 24 கிலோமீட்டர் பாதை. மழை பெஞ்ச மறுநாள் போகாதீங்க, சேறு.