எல்ஏசி எடுத்த செஷன், உங்கள் எண்ணில் பில்

கேள்வி: நியூ ஜெர்சியில் எல்பிசி (முழு உரிமம் பெற்ற கவுன்சலர்) உரிமத்துடன் கவுன்சலிங் கிளினிக் நடத்துகிறேன். இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில் சேர்க்க ஏழு மாதம் அலைக்கழித்தார்கள், தரும் ரேட்டும் அடிமாட்டு ரேட். என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு எல்ஏசிகளின் (மேற்பார்வையில் வேலை செய்யும் இளநிலை கவுன்சலர்கள்) செஷன்களை என் என்பிஐ (சிகிச்சை தருபவரின் தேசிய அடையாள) எண்ணில்தான் பில் போடுகிறோம், எல்லோரும் அப்படித்தானாம். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து 15 நோயாளி ஃபைல்களைக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. தாமதத்துக்கு வழக்குப் போடலாமா?

பதில்: அந்த வழக்கை மறந்துவிடுங்கள். அலைக்கழித்ததெல்லாம் கோர்ட்டில் காசு பெறாது, ரேட்டைப் பற்றிக் கையெழுத்துப் போடும் முன்பே பேசியிருக்க வேண்டும். சட்டப்படி முக்கியமான வரியை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

க்ளெய்மில் ரெண்டரிங் புரொவைடர் (சிகிச்சை தந்தவர்) என்ற இடத்தில் உங்கள் எண் இருந்தால், அந்த செஷனை நீங்களே நடத்தியதாகச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். சூப்பர்வைசர் பெயரில் பில் போடச் சில கம்பெனிகள் விடும், சில விடாது. கான்ட்ராக்டிலும் புரொவைடர் மேனுவலிலும் பாருங்கள். அனுமதி எழுத்தில் இல்லை என்றால் "எல்லோரும்" என்பதெல்லாம் வாதமே இல்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க இங்கே கம்பெனிக்குப் பொதுவாக 18 மாதம்தான் அவகாசம், ஆனால் மோசடி என்றோ தொடர்ந்து தவறாக பில் போடும் வழக்கம் என்றோ வந்துவிட்டால் அந்த வரம்பு உங்களைக் காப்பாற்றாது.

நான் பார்த்தவரை ஆட்கள் மாட்டுவது இதற்கு அப்புறம்தான். கடிதம் வந்த ராத்திரியே உட்கார்ந்து பழைய நோட்ஸைத் திருத்துவார்கள், நீண்ட செஷனுக்கான 90837 கோடு போட்ட செஷன், அதற்குத் தேவையான 53 நிமிடம் ஓடியதாகக் காட்ட ஆரம்ப நேரம், முடிந்த நேரமெல்லாம் புதிதாகச் சேர்ப்பார்கள். யார், எப்போது திருத்தினார்கள் என்பது சாஃப்ட்வேரில் அப்படியே பதிவாகியிருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்திருக்க வேண்டிய விஷயம் உரிமத்துக்கே உலை வைத்துவிடும். இன்னொரு கூட்டம், எல்லாமே சைக்கோதெரபி நோட்ஸ் (தெரபிஸ்ட் தனியாக வைக்கும் ரகசியக் குறிப்புகள்), தர மாட்டோம் என்று வம்பு பண்ணும். செஷன் நேரமும் நோயறிதலும் சிகிச்சைத் திட்டமும் மருத்துவத் தகவல் ரகசியத்துக்கான ஹிப்பா சட்டப்படி அந்த வகையில் வராது. கம்பெனி பிடித்த பணத்தை நோயாளியிடம் கேட்கவும் கூடாது, கான்ட்ராக்ட் அதைத் தடுத்திருக்கும்.

அந்த முறையில் பில் போடுவதை இன்றே நிறுத்துங்கள். மொத்தத் தொகையைக் கணக்கிட்டு, தவணையில் திருப்பித் தருகிறேன் என்று வக்கீல் மூலம் பேசி முடியுங்கள். 15 ஃபைலை வைத்து எல்லா க்ளெய்முக்கும் கணக்குப் போட்டு நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபேமிலிகேர் (மாநிலத்தின் அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளி ஒருவர் இருந்தாலும் முதலில் அதை வக்கீலிடம் சொல்லுங்கள், அங்கே மத்தியச் சட்டப்படி நஷ்டஈடு மூன்று மடங்கு வரை போகும்.

கோபத்தில் பில்லிங் பார்ப்பவரை மட்டும் இப்போது வேலையை விட்டு அனுப்பாதீர்கள், நாளைக்கு அவரே எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து நிற்பார்.